தண்ணீர் போகும் பக்கம்

மலைக் கணவாய்க்குச் சற்றுக் கீழே, கிழக்குச் சரிவில் இருந்தது மடம். வடிவு அங்கே குருவிடம் பாடம் கேட்பவள். புருஷன் இல்லை. மகள் பவளம் மட்டும்.

ஒருநாள் பாடத்தில் குரு சொன்னார்: "நம் நிலம் மேலே மலையில் தொடங்கிக் கீழே கடலில் முடிகிறது. கீழே இருப்பதால் அது கிழக்கு. மேலே இருப்பதால் இது மேற்கு. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்."

வடிவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றே மகளிடம் சொல்லிவைத்தாள்.

"வழி தவறிட்டா அழக் கூடாது. ஓடை எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கமே இறங்கு. அதான் கிழக்கு. மடத்துக்கு வந்திருவே."

"இருட்டிட்டா?"

"தண்ணி சத்தம் கேக்கும்லா, கழுதை."

ஐப்பசியில் பெண்கள் நெல்லிக்காய் பறிக்க உச்சிக்குப் போனார்கள். பவளமும் போனாள். திடீரென்று மஞ்சு மூடிப் பாதையை மறைத்தது. பெண்கள் கூடைகளோடு இறங்கி வந்தார்கள். பவளம் வரவில்லை.

ஊர்க்காரர்கள் ஓடை ஓடையாகத் தேடினார்கள். வடிவு அழவில்லை.

"வந்திருவா. என் பேச்சைத் தட்ட மாட்டா. உங்க பிள்ளைக மாதிரியா?"

மறுநாளும் பொழுது சாய்ந்தது. அவள் குருவிடம் வந்தாள்.

"எல்லா ஓடையும் பார்த்தாச்சு, சாமி. தண்ணி கிழக்கேதானே போகும்? ஏன் இன்னும் வரலை?"

குரு ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு உச்சிக்கு நடந்தார். வடிவு பின்னால் போனாள்.

அங்கே ஒரு பாறை முதுகில் குடத்தைச் சாய்த்தார். பாதித் தண்ணீர் மடம் இருக்கும் பக்கம் வழிந்தது. பாதி அந்தப் பக்கம், சூரியன் விழுந்துகொண்டிருந்த காட்டுக்குள் இறங்கிப் போனது.

பாறை காயும்வரை வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கத்து ஓடையெல்லாம்?"

"மேற்கே போகும்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை, சாமி?"

"பெயர் வைத்தவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். நானும் இந்தப் பக்கமே நின்றேன்."

"அங்கே கீழே என்ன இருக்கு?"

"யானைக் காடு. அதற்கப்புறம் கடல்."

வடிவு மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். காட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

குரு குடத்தைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்குச் சரிவில் காலை வைத்தார். வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கே வேண்டாம் சாமி. இங்கேயே தேடுவோம். சின்னப் பிள்ளைதானே, நான் சொன்னது மறந்திருக்கும். பயந்துபோய் இங்கேதான் ஏதாவது பாறை இடுக்கில உக்காந்திருப்பா. விளையாட்டுப் புத்தி, சாமி. இந்த ஒரு தடவை கேட்டிருக்க மாட்டா."

குரு அவளைப் பார்த்தார்.

"உன் பேச்சைத் தட்டுகிறவளா, வடிவு?"

வடிவு கையை விட்டாள்.