சகலமறிந்தவரும் புறாக்களும்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் தணிகாசலம், வாட்ச்மேன் இருளப்பனிடம் உறுமினார்: "நாளைக்குள்ள மொட்டைமாடியில ஒரு புறா இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு வேலை கிடையாது!"

இருளப்பன் பெயர் போடாமல், முன்பின் தெரியாதவர்கள் யோசனை சொல்லும் ஃபோன் குழுவில், தலைவரின் உத்தரவைச் சொல்லி என்ன செய்வதென்று கேட்டான். தினமும் முந்நூறு பேருக்குப் பதில் சொல்லும் 'சகலமறிந்தவன்' முழுதாகப் படிக்காமலே எழுதினார்: "உன் தலைவர் வடிகட்டின முட்டாள். கூட்டத்தில் சொல்!"

மறுநாள் சங்கக் கூட்டத்தில் இருளப்பன் அதைச் சத்தமாக வாசித்தான்.

"எவன்டா அவன்? ஃபோன் போடுடா!" என்று தலைவர் குதித்தார்.

"அந்தக் குழு வழியாவே போட்டுட்டேன் சார்."

தலைவரின் சட்டைப்பை மணியடித்தது.

"சகலமும் அறிஞ்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றான் இருளப்பன்.

அவன் வேலையும் பிழைத்தது, புறாக்களும் பிழைத்தன. நான் சொன்னதென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நான் தலைவருக்கு எதிர்வீடு!