மலை மதுவைக் கீழே கேட்ட ராஜா

கொட்டாவி விடாமல் கேளுங்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏழூர் நாட்டைத் தடந்தோளன் என்றொரு ராஜா ஆண்டான். தோள் பெரிது. பிடிவாதம் அதைவிடப் பெரிது.

வேட்டைக்குப் போன இடத்தில் மலைக்காரர்கள் தந்த திராட்சை மதுவைக் குடித்தான். சொக்கிப்போனான். "வருஷா வருஷம் நூறு குடம் அனுப்பு" என்றான்.

மலைத் தலைவன் கடம்பன் கும்பிட்டான். "பாறைச் சரிவுல காய்க்கிறதே கொஞ்சம். எங்க திருவிழாவுக்கே பத்தாதுங்க."

அவ்வளவுதான். கடம்பனைத் தூக்கிச் சிறையில் போட்டான்.

கடம்பன் மனைவி மயிலி அரண்மனைக்கு வந்து நின்றாள். அழவில்லை. "என்ன செஞ்சா அவரை விடுவீங்க?" என்றாள்.

"என் ஆற்றங்கரையில் அந்த மதுவைச் செய்து கொடு. மூன்று தடவை பார்ப்பேன். தவறினால் அவனை மறந்துவிடு."

முதலில் மலைக்கொடியை வெட்டி வந்து நட்டாள். வண்டல் மண் கொடியைக் கொழுக்க வைத்தது. பழம் நெல்லிக்காய்ப் பருமன், மதுவோ வெறும் தண்ணீர். ராஜா துப்பினான்.

அடுத்து மலை மண்ணையே கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள். தோள் புண்ணாகிப் போனது, பாவம்! வேருக்கு என்ன, கூடை மண்ணைத் தாண்டி வண்டலைப் பிடித்துக்கொண்டது. மலையின் சரிவையும் குளிரையும் எந்தக் கூடையில் சுமப்பாள்? ராஜா மறுபடியும் துப்பினான்.

சிறையில் கடம்பன் எலும்பும் தோலுமாக இருந்தான். "நீ ஊருக்குப் போயிடு, மயிலி" என்றான்.

"சும்மா இரு. உன்னைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

திரும்புகிற வழியில், கரை மரத்தில் ஒரு காட்டுத் திராட்சை ஏறிக் கிடப்பதைப் பார்த்தாள். மிளகு போலச் சின்னப் பழம். புளிப்பென்று ஊரார் தொடுவதில்லை, குருவிகள்தான் தின்னும். ஒன்றை வாயில் போட்டாள். புளிப்புதான், ஆனால் தண்ணீராக இல்லை.

"அடக் கடவுளே! இந்த மண்ணுகிட்ட என்ன இருக்குன்னு நான் கேட்கவே இல்லையே!"

காட்டுக்கொடியை மணல்மேட்டில் நட்டாள். வேர் பிடித்ததும், பழத்தில் ருசி இறுகட்டும் என்று மலை வழக்கப்படி தண்ணீரை நிறுத்திவிட்டாள். அரண்மனைத் தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று, பழத்தோல் சுருங்கும்வரை பறிக்காமல் காத்திருந்தாள்.

மூன்றாம் முறை சபை கூடியது. ராஜா ஒரு வாய் குடித்தான். முகம் சிவந்தது.

"இது மலை மது இல்லை!"

"இல்லைதான். மலை கீழே வரமாட்டேங்குது, ராஜா. இது உங்க மண்ணு."

"என்ன திமிர் உனக்கு!" என்று எழுந்தான். கிண்ணத்தை வீசி எறிய ஓங்கியவன், மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் குடித்துவிட்டான். பிறகு கிண்ணத்தை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊற்று."

மயிலி குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முதல்ல என் புருஷன்."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், மயிலியைப் பார்த்தான். சிறைக் கதவைத் திறக்கச் சொன்னான்.

ஆகவே மக்களே, ஒரு மண்ணிடம் இன்னொரு மண்ணின் ருசியைக் கேட்டு அடம்பிடிக்காமல், அதனிடம் உள்ளதை விடாமுயற்சியோடு கேட்டு வாங்குகிறவரே ஜெயிப்பார்.