மூன்று பரணிலும் மணி ஆறு

பொத்தையடி ஊர்க்காரர்களுக்கு யானை எந்தப் பக்கமாக வருகிறது என்பது மட்டும்தான் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

யானை தின்றது போக ஊரில் மிச்சமிருந்தது வெள்ளைப்பாண்டியின் வாழைத்தோட்டம் ஒன்றுதான். குலை தள்ளி நின்றது. அவன் வனத்துறை அலுவலரை அழைத்துவந்தான்.

"ஊருக்கு மூணு மூலையில காவல் பரண் கட்டுங்க. பரணுக்கு ஒரு ஆள், ஒரு கடிகாரம். மரம் ஒடியிற சத்தம் கேட்டா மணியைப் பாத்துக்கணும். யாருக்கு முதல்ல கேட்டுதோ அவர் பக்கம் யானை. மூணு கடிகாரமும் ஒரே நேரம் காட்டணும், அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பரண் எழும்பிய அன்று சாயங்காலம், வெள்ளைப்பாண்டி ஒவ்வொரு குலையையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். கோயில் கடிகாரத்தில் மணி ஆறு. ஓட்டக்காரன் இசக்கிமுத்து அந்த ஆறு மணி சிந்திவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, முதல் பரணில் ஆறு வைத்தான். அங்கிருந்து ஓடி இரண்டாவதில் ஆறு. மூன்றாவதிலும் ஆறு. பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

"நீ ஓடினது பத்தாதுலே" என்றார் ஊர்த்தலைவர் கோமதிநாயகம்.

"நான் ஓடத்தான் செஞ்சேன் அண்ணாச்சி. கூடவே அதுவும்லா ஓடுது!"

"அப்பம் அதை ஓடவிட்டதுதான் தப்பு."

முள்ளை ஆறில் வைத்து, பேட்டரியைக் கழற்றி, மறுபடி பரணுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். அதன்பிறகு இம்மிகூட முன்பின் இல்லை. வெள்ளைப்பாண்டிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இருட்டியதும் மடார் என்று ஒரு சத்தம். பரண்காரர்கள் மணியைப் பார்த்துவிட்டு, கடிகாரமும் கையுமாக இறங்கி ஓடிவந்தார்கள்.

"எனக்கு ஆறு."

"எனக்கும் ஆறு."

"எனக்கும் அதேதான்."

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "மூணு பேருக்கும் ஒண்ணுபோல கேட்டிருக்குன்னா, யானை மூணு பரணுக்கும் நட்டநடுவுலதான் நிக்கு."

நட்டநடுவில் இருந்தது பால் சொசைட்டி. ஊரே திரண்டு அதைச் சுற்றி நின்று தகரம் தட்டியது. வெள்ளைப்பாண்டி எல்லாரையும்விட ஓங்கித் தட்டினான். அவன் தோட்டத்துப் பக்கமிருந்து மடார் மடார் என்று கேட்டது.

"அங்க எவம்லே சத்தம் போடுதது? இங்க யானையை விரட்டிக்கிட்டிருக்கோம்லா!" என்று அந்தப் பக்கம் பார்த்து அதட்டினான்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு வாழைகூட நிற்கவில்லை. அலறிக்கொண்டு வந்தான்.

"அழாதடே. எப்பம் தின்னுது?" என்றார் கோமதிநாயகம்.

"ராத்திரி, சத்தம் கேட்டப்பம்."

"அப்பம் மணி?"

"ஆறு."

"ஆறு மணிக்குத் தோட்டம் எப்படி இருந்துது?"

வெள்ளைப்பாண்டி மூக்கை உறிஞ்சினான். "முழுசா இருந்துது. நானே தடவிப் பாத்தேன்."

"இப்பம் மணி என்ன?"

எல்லாரும் குனிந்து மூன்று கடிகாரங்களையும் பார்த்தார்கள். ஆறு.

வெள்ளைப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். குலை வெட்ட அரிவாளை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தவன், பாதி வழியில் திரும்பி நின்று கத்தினான்:

"நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் எவனும் பேட்டரியைப் போட்டுராதீங்கடே!"