பஞ்சாரத்துக்குள் மூன்று பூனைகள்

ஒரு வீட்டின் கொல்லையில் ஒரு பஞ்சாரம் இருந்தது. கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடி வைக்கிற மூங்கில் கூடைதான். பூனையை உள்ளே விடக் கூடாது என்பது மட்டுமே அதற்குத் தெரிந்த வேலை. வேறு வேலை இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொன்னதும் இல்லை.

அதன் தலைமேல் ஓர் உடைந்த குழவிக்கல் உட்கார்ந்திருக்கும். காற்றிலும் நாயாலும் பஞ்சாரம் புரண்டுவிடக் கூடாது என்று வைத்த பாரம்.

பொழுது சாயும்போது வீட்டுக்காரி முத்துப்பேச்சி வருவாள். விளிம்பைத் தூக்கி, விரலை நீட்டி நீட்டிக் குஞ்சுகளை எண்ணுவாள். சரியாக இருந்தால் பேசாமல் போய்விடுவாள். ஒருமுறை ஒரு கீரி மூங்கில் இடுக்கில் வாயை நுழைத்து, ஒரு குஞ்சின் காலைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. அன்று அவள் இரண்டு தடவை எண்ணிவிட்டு, பஞ்சாரத்தைக் காலால் ஓர் எத்து எத்தினாள். எத்திய வலி மறுநாளே போய்விட்டது. அந்தக் குஞ்சு போட்ட சத்தம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து பஞ்சாரமும் எண்ணப் பழகிக்கொண்டது. ஒன்று குறைந்தால் அது தன் குற்றம். இதில் அதற்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அப்படிப்பட்ட பஞ்சாரத்துக்குள் ஒருநாள் காலையில் மூன்று பூனைக்குட்டிகள் வந்து சேர்ந்தன.

தாய்ப்பூனை ரோட்டில் வேனில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. குட்டிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்து கத்தின. கண்கூடத் திறக்கவில்லை. முத்துப்பேச்சி மூன்றையும் முந்தானையில் அள்ளி வந்தாள். சாக்கை விரித்து, வெந்நீர் அடைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குட்டிகளை விட்டு, பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

“அம்மா மாத்தி வச்சிட்டாங்க!” என்று பதறியது பஞ்சாரம். “பூனை வெளியேதானே இருக்கணும்?”

“தூக்கிட்டு வந்தது அவ. மூடுனதும் அவ. மாத்தி வச்ச மாதிரி தெரியல” என்றது குழவிக்கல்.

“அப்போ நான் யாரை உள்ளே விடக் கூடாது?”

“என்னை உக்காரச் சொன்னா. உக்காந்திருக்கேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே.”

செவலைக் கோழி வந்து ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டியளா? நான் அடைக்கு உக்காரப் போறேன். எம்புள்ளைக பொரிச்சு வந்தா எங்க இருக்கும்? இந்தக் கூட்டத்தோடயா?”

அதற்குள் உள்ளே இருந்து ஒரு குட்டி பஞ்சாரத்தின் மூங்கிலை முட்டி முகர்ந்து பார்த்தது.

“அம்மாவா?”

“இல்லை. நான் பஞ்சாரம்.”

“அம்மா பஞ்சாரமா?”



முத்துப்பேச்சி இங்க் பில்லரில் ஆட்டுப்பாலை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். வெந்நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றுக்குக் கீழே துடைத்துவிட்டால்தான் குட்டிகள் ஒன்றுக்குப் போகும் என்று மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அதையும் முகம் சுளிக்காமல் செய்தாள். “குடிச்சது போதுமா, இன்னும் வேணுமா? வயிறு உப்பிருக்கே, அய்யோ, கூடிப்போச்சோ?” என்று தானே கேட்டுத் தானே கலங்கினாள். கேட்டுக்கேட்டுப் பஞ்சாரத்துக்கும் அந்தக் கலக்கம் தொற்றிக்கொண்டது. ஈரம் பட்டால் சாக்கு காய்ந்ததா என்று பார்க்கும். வெயில் ஏறினால் தன் நிழல் எந்தக் குட்டிமேல் விழவில்லை என்று பார்க்கும். மூன்று, மூன்று, மூன்று என்று நாளெல்லாம் எண்ணும்.

இரண்டு குட்டிகளுக்குக் கண் நன்றாகத் திறந்தது. கறுப்புக் குட்டிக்கு ஒரு கண்தான் திறந்தது. மற்றது சீழ் கட்டி, மருந்து விட்டும் தேறாமல் மூடிப்போயிற்று.

ஒருநாள் அரிசிக்கடை சண்முகவேல் வந்தார். கடையில் எலித் தொல்லையாம். பஞ்சாரம் தூக்கப்பட்டது, வரிக்குட்டி எடுக்கப்பட்டது, பஞ்சாரம் மறுபடி கவிழ்ந்தது. எண்ணிப் பார்த்தது. இரண்டு. அது எத்துக்குத் தயாராக உடம்பை இறுக்கிக்கொண்டது.

முத்துப்பேச்சி எத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

“ஒண்ணு குறையுது! இவங்க சிரிக்கிறாங்க!” என்றது பஞ்சாரம்.

“அழுதாளே, அதைப் பாக்கலையா?” என்றது கல்.

“ரெண்டும் செஞ்சா நான் எதை எடுத்துக்க?”

அடுத்த வாரம் டெய்சி டீச்சர் வெள்ளைக்குட்டியைப் பூக்கூடையில் வைத்துக் கொண்டுபோனார். அன்றும் முத்துப்பேச்சி அழுதாள், அன்றும் சிரித்தாள். மீதி ஒன்று. கறுப்புக் குட்டியை வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள், கண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார்கள். “காலையில எந்திரிச்சு ஒத்தக் கண்ணுல முழிக்கவா?” என்று ஒருத்தி சொல்லிவிட்டே போனாள். பஞ்சாரத்துக்கு அது நிம்மதியாக இருந்தது. இந்த ஒன்றாவது குறையாது.

செவலை முட்டைகளைப் பொரித்தது. ஒன்பது குஞ்சுகள். அவற்றைத் தற்காலிகமாக ஒரு பழைய அண்டாவுக்குள் விட்டிருந்தார்கள். முத்துப்பேச்சியின் கணவன் சுடலை கொல்லைக்கு வந்து சொன்னான்: “குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் வேணும். இந்த ஒத்தக்கண்ணு ஞாயித்துக்கிழமைக்குள்ள போகலைன்னா மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துருவேன்.”

“அங்க நாய் கெடக்குமே! கடிச்சுப் போட்டுருமே!” என்றாள் அவள்.

“அப்ப ஆளைப் பாரு.”

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஆள் வந்தது. இரண்டு தெரு தள்ளி இடியாப்பம் விற்கிற பிலோமினா.

“எக்கா, முன்னாடியே சொல்லிருதேன். இதுக்கு ஒரு கண்ணு கிடையாது” என்றாள் முத்துப்பேச்சி, தயங்கித் தயங்கி.

“எனக்கும் ஒண்ணுல புரை விழுந்து கெடக்குல்லா. ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கண்ணு இருக்கு, குடும்பம் நடத்தப் போதும். எடு.”

முத்துப்பேச்சி விளிம்பைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். புது ஆளின் வாசனைக்குப் பயந்து குட்டி மூங்கிலை நகத்தால் பற்றிக்கொண்டது. பஞ்சாரமும் தன் பங்குக்கு ஒரு மூங்கில் சிம்பை வளைத்து, குட்டியின் முன்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“விடு. கொண்டுபோறாங்க” என்றது கல்.

“விட்டா ஒண்ணுமே இருக்காது. பூச்சியம் வரைக்கும் நான் எண்ணினதே இல்லை.”

“விடலைன்னா அந்தம்மா போயிரும். அப்புறம் மார்க்கெட்டுதான்.”

“காவல்னா விடாம இருக்கிறதுதானே? எனக்கு வேற என்ன தெரியும்?”

முத்துப்பேச்சி இழுத்தாள். பஞ்சாரம் இன்னும் இறுக்கியது. “வரமாட்டேங்குதே. பயப்படுது போல. நான் வேணா இன்னொரு நாள் வாரேன்” என்று பிலோமினா துண்டை உதறித் தோளில் போட்டாள்.

அப்போது குட்டி வலி தாங்காமல் கத்தியது.

பஞ்சாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறது. அன்று குஞ்சின் காலைக் கவ்வியது கீரி. இன்று கவ்வியிருப்பது யார்? அது கொல்லை முழுக்கக் கீரியைத் தேடிப் பார்த்தது. கொல்லையில் கீரி இல்லை.

வளைத்திருந்த சிம்பை அது தானே வெடுக்கென்று பின்னால் இழுத்தது. படக்கென்று ஒரு சத்தம். சிம்பு இரண்டாக முறிந்து தொங்கியது. குட்டி முத்துப்பேச்சியின் கைக்கு வந்தது.

“சவத்துப் பஞ்சாரம், இத்துப்போச்சு” என்றாள் அவள். பிலோமினா குட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். முத்துப்பேச்சி பஞ்சாரத்தின் மேலேயே கைவைத்து வெகுநேரம் குனிந்து நின்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? பஞ்சாரம் இந்தத் தடவை கேட்கவில்லை. அதற்கும் அப்படித்தான் இருந்தது.

பழைய சேலைக் கிழிசலால் முறிந்த இடத்தைக் கட்டினாள். உள்ளே ஒன்பது குஞ்சுகள் வந்தன. வேலை மறுபடி பழைய வேலையாயிற்று: பூனையை உள்ளே விடக் கூடாது.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ஒரு கறுப்புப் பூனை மதிலிலிருந்து குதித்தது. கொழுகொழு என்று இருந்தது. நேராக வந்து சேலைக் கட்டை முகர்ந்தது. செவலை இறக்கையை விரித்துக்கொண்டு அலறியது: “அண்ணாச்சி! பூனை! பாத்துக்கிடுங்க!”

பஞ்சாரம் தன் மூங்கில்களை நெருக்கிக்கொண்டது. ஒரு நகம்கூட நுழைய இடம் கொடுக்கவில்லை. பூனை ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தது, விலாவை அதன்மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தது, மறுபடி மதிலேறி உட்கார்ந்து காலை நக்கியது. இரண்டு தெரு தள்ளி யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டது.

முத்துப்பேச்சி வந்து விளிம்பைத் தூக்கி எண்ணினாள். பேசாமல் போனாள்.

“ஒன்பதும் இருக்கா?” என்றது குழவிக்கல்.

பஞ்சாரம் உள்ளே பார்த்தது. மதிலைப் பார்த்தது. அரிசிக்கடை இருக்கும் திசையை, டீச்சர் வீடு இருக்கும் திசையைப் பார்த்தது. எதை உள்ளே என்பது, எதை வெளியே என்பது என்று இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒன்றிலிருந்து தொடங்கி, நிதானமாக எண்ணி முடித்தது.

“பன்னிரண்டு.”