ஓரத்து முத்திரை

“இந்தச் சனியன எப்படி அழிக்கது, டீச்சர்?”

இசக்கியப்பன் ஒரு வீட்டு வரைபடத்தை மேஜை மேல் விரித்து, ஓங்கி ஓர் அடி அடித்தார்.

நாற்பத்தெட்டு வயது மேஸ்திரி. இருபது வருஷமாக அடுத்தவர் வரைந்த வீடுகளைக் கட்டியவர். இனி நானே வரைவேன் என்று மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டரில் வரையச் சொல்லித் தருகிற பெனிட்டா டீச்சருக்கு வயது இருபத்தாறு.

படத்தின் நான்கு ஓரத்திலும், மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிற சாஃப்ட்வேர் தானாகவே ‘மாணவர் பதிப்பில் வரைந்தது’ என்று அச்சடித்திருந்தது.

“யாரு வீடு?”

“கண்டக்டர் செல்லையாவுக்கு. நான் தனியாப் பிடிச்ச மொத வேலை.”

“மாணவர் லைசென்ஸ்ல வெளிவேலை செய்யக் கூடாதுன்னு மொத நாளே சொன்னேன்லா?”

“எல்லாவனும் செய்யுதான். நானும் செஞ்சேன்.”

டீச்சர் ஓரத்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“செல்லையா கேக்காரு, என்னவே, பள்ளிக்கூடத்துப் பிள்ள கிறுக்கினதக் கொண்டாந்திருக்கீருன்னு. அவரு பொண்டாட்டி பிள்ளைக முன்னால! முப்பது வீடு கட்டுனவன் நான்!”

மறுபடியும் மேஜையில் ஓர் அடி அடித்தார்.

“படிக்கதுக்குச் சும்மா குடுப்பானாம். படிச்சத வச்சு ஒருவாய்க் கஞ்சி குடிக்கப் போனா நெத்தியில பச்ச குத்துவானாம். அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் வெளங்குவானா?”

“திட்டி முடிச்சாச்சா?”

“இல்ல.”

“அப்போ திட்டுங்க.”

திட்டினார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

“நாளைக்கு அஸ்திவாரம் தோண்டணும். இத அழிச்சுத் தாங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாரு.”

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். நான்கு ஓரத்தையும் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.

“முத்திர போயிட்டு.”

இசக்கியப்பன் வாயைப் பிளந்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். இனி யாரும் உங்கள மாணவர்னு சொல்ல மாட்டாங்க.”

அவர் படத்தைச் சுருட்டப் போனார். டீச்சர் அதன் மேல் கையை வைத்து, பேனாவை நீட்டினார்.

“வரைஞ்ச ஆளு கையெழுத்துப் போடணும்லா?”

“நானா?”

“பின்ன யாரு? பேரப் போடுங்க. அதுக்குக் கீழ, ‘இந்த வீடு நிக்கும், நான் பொறுப்பு’ன்னு எழுதுங்க.”

டீச்சரின் முகமும் சிவந்திருந்தது.

“யோசிக்காதீங்க அண்ணாச்சி. அந்தக் கோவத்தோடயே எழுதுங்க.”

விறுவிறுவென்று பெயரை எழுதினார். ‘இந்த வீடு’ என்று எழுதினார்.

பேனா நின்றது.

எந்த இடத்தில் எத்தனை கம்பி என்று இத்தனை வருஷமும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள். அவர் கட்டினார். விழுந்தால் கேட்க வேறு ஆள் இருந்தது.

படத்தின் நடுவில் இருந்த ஹாலை விரலால் அளந்து பார்த்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“செல்லையா ஆசப்பட்டாருன்னு, ஹால்ல நடுவுல தூணே வைக்காம விட்டுட்டேன். இருபத்திரண்டு அடி.”

பேனாவை மூடி வைத்தார்.

“தாங்குமா?”