கொண்டலடிக் கமிட்டி அக்கரைச் சேனலைப் பிடித்த கதை

கொண்டலடியில் முட்டாள்களே கிடையாது என்று அந்த ஊர்க் கமிட்டி ஒருமுறை தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே மறுத்துப் பேச ஆளில்லை.

ஊருக்குக் கிழக்கே கடல். கடலுக்குள் எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே மன்னாரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள் வியாகுலமேரியின் ஒரே மகள் ரெஜினா. கல்யாணமாகிப் போனவளின் முகத்தைத் தாய் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. போனில் பார்க்கலாமே என்பீர்கள். கொண்டலடியில் போனில் படம் பார்ப்பதென்றால், ஓயாமல் சுற்றுகிற ஒரு வட்டத்தைப் பார்ப்பது. பேச்சு மட்டும் அப்பப்போ கேட்கும்.

அப்படிக் கேட்ட ஒரு நாளில் ரெஜினா சொன்னாள்: "அம்மா, இங்க டிவியில சமையல் போட்டி. நான் கடைசிச் சுற்றுக்கு வந்துட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நீங்க சொல்லிக்குடுத்த நண்டுக் குழம்புதான் வைக்கப் போறேன். எப்படியாவது பாருங்கம்மா."

வியாகுலம் ராமநாதபுரம் போய், ஒரு டிஜிட்டல் பெட்டியும் ஆன்டெனாவும் ஒரு சுருள் ஒயரும் வாங்கி வந்தாள். கடைக்காரர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "அக்கரை சேனல் எல்லாம் இலவசம்கா. ஆன்டெனாவை அக்கரையைப் பார்த்து வைங்க. குறுக்க எதுவும் இருக்கக் கூடாது. இது டிஜிட்டல். வந்தா முழுசா வரும், வராட்டி ஒண்ணுமே வராது."

அவளே கம்பத்தில் ஏறிக் கட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் படகுகள் பிடிபட ஆரம்பித்ததிலிருந்து ஊரில் ஒரு கட்டுப்பாடு. அக்கரை சம்பந்தப்பட்ட எதுவானாலும் கமிட்டியில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வியாகுலத்தின் புருஷன் சூசையே கமிட்டி உறுப்பினர். மனைவி பையைக் கீழே வைக்கும் முன்னே ஓடிப்போய்க் கமிட்டியில் சொல்லிவிட்டான். கடமை என்றால் அவனுக்கு அப்படி ஒரு வேகம்.

தலைவர் தஸ்நேவிஸ் மீசையைத் தடவிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார்.

"நாம எல்லை தாண்டினா அவன் என்ன பண்றான்?"

"பிடிக்கிறான் தலைவரே," என்றான் செயலாளர் கஸ்பார்.

"இப்ப அவன் சேனல் எல்லை தாண்டி நம்ம பக்கம் வரப்போகுது. நாம என்ன பண்ணணும்?"

"பிடிக்கணும்."

"பிடிச்சு?"

"ரெண்டு வாரம் உள்ள வைக்கணும். அப்புறம் காவலை நீட்டிக்கணும். அதான் முறை."

ஜன்னலுக்கு வெளியே நின்ற வியாகுலம் பொறுக்க மாட்டாமல், "முதல்ல அது வரட்டும் தலைவரே. ஞாயித்துக்கிழமை என் மகளைப் பாத்துக்கறேன், அப்புறம் அதைத் தூக்குலயே போடுங்க," என்றாள்.

"ஜன்னல்ல இருந்து வர்ற பேச்சு கூட்டத்துல சேராது," என்றான் கஸ்பார்.

ஆன்டெனாவைக் கமிட்டி ஹால் கம்பத்தில் கட்டி, ஹாலிலிருந்த பெரிய டிவிக்கு ஒயரை இழுத்தார்கள். கட்டி முடித்ததும் கஸ்பாருக்கு ஒரு சந்தேகம்.

"கடைக்காரர் இலவசம்னு சொன்னாரா?"

"சொன்னாரு," என்றான் சூசை.

"அப்ப ரேஷன் கார்டு?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேட்டி சேலை, மிக்ஸி, கிரைண்டர் என்று இதுவரை வந்த எந்த இலவசமாவது கார்டில்லாமல், வரிசையில்லாமல் வந்திருக்கிறதா? சேனல் மட்டும் எப்படி வரும்?

மறுநாள் விடிந்ததும் ஊரே ரேஷன் கார்டோடு கம்பத்தடியில் நின்றது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் வரிசை வழக்கம்போல வெயிலில். மத்தியானத்துக்குள் இடையில் புகுந்த விஷயமாக மூன்று சண்டை நடந்தது. சேனல் வரவில்லை. "சர்வர் வேலை செய்யலையாம், நாளைக்கு வாங்க," என்று கஸ்பாரே அறிவித்தான். சர்வர் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியாது. ஆனால் வரிசையைக் கலைக்க எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை 'குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது' என்பதை எடுத்துக்கொண்டார்கள். கம்பத்துக்கும் கடலுக்கும் நடுவே மேய்ந்த ஆடுகளை விரட்டினார்கள். காய்ந்த கருவாட்டை அள்ளினார்கள். காக்காய் பறக்காமலிருக்க இரண்டு பேரைக் கம்போடு நிறுத்தினார்கள். வியாகுலம் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது, அவளுடைய அடுப்படி இருந்த இடத்தில் வெறும் மணல். ஓலையையும் தட்டியையும் பிரித்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். சட்டி பானைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் வைத்திருந்தார்கள். ஒழுங்கில் குறையே சொல்ல முடியாது.

"என் அடுப்படி எங்கய்யா?"

"குறுக்க இருந்துச்சு," என்றான் சூசை, பெருமையோடு. "நானே முன்ன நின்னு பிரிச்சேன்."

வியாகுலம் குடத்தை இறக்கிவிட்டுக் கையை நீட்டினாள். மணலுக்கு அப்பால், கடற்கரை நெடுகப் பனை உயரத்துக்குச் சவுக்குத் தோப்பு நின்றது.

"அப்ப அது என்ன? என் அடுப்படி ஆள் உயரம்கூட இல்ல. அது வானத்தையே மறைக்குதே?"

"அது தோப்பு," என்றான் கஸ்பார்.

"அது குறுக்க இல்லையா?"

"தோப்பு தலைவருடையது. தலைவருடையது எப்படிக் குறுக்க இருக்கும்?"

தஸ்நேவிஸ் தலையசைத்து அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒன்றும் வரவில்லை. வியாகுலம் விறகை மூட்டித் திறந்தவெளியில் கஞ்சி காய்ச்சியபடி, சூரியன் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அக்கரையில் இந்நேரம் நண்டைக் கழுவிக்கொண்டிருக்கும். அப்போதுதான் கஸ்பார் குதித்து எழுந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் தலைவரே! நமக்கும் அக்கரைக்கும் குறுக்க என்ன இருக்கு? எல்லை!"

கூட்டம் அசந்துபோனது.

"அடேய், அதை எடுத்துட முடியுமா?" என்றார் தஸ்நேவிஸ்.

"எங்க இருக்குன்னு தெரிஞ்சா எடுத்துடலாம். தெரியாமத்தானே போய்ப் போய் மாட்டுறோம்."

எல்லை நம்மிடம் வராது, நாம்தான் எல்லையிடம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. சூசையின் படகில் மூங்கிலை நட்டு ஆன்டெனாவைக் கட்டினார்கள். குட்டி டிவி, பேட்டரி, பெட்டி, மீந்த ஒயர்ச் சுருள், எல்லாம் ஏறின. தலைவரும் கஸ்பாரும் சூசையும் ஏறினார்கள். வியாகுலமும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"பொம்பளை படகுல ஏறக் கூடாது," என்றான் கஸ்பார்.

"பெட்டி நான் வாங்கினது. பெட்டி ஏறினா நானும் ஏறுவேன்."

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தஸ்நேவிஸ் தீர்ப்புச் சொன்னார்: "ஆளா ஏறக் கூடாது. பெட்டியோட பாகமா ஏறலாம்."

சாயங்காலம் நாலரைக்குத்தான் படகு புறப்பட்டு, தலைவரின் தோப்பு முனையைத் தாண்டியது. எல்லைக்கு இன்னும் எவ்வளவோ தூரம். "நங்கூரத்தைப் போடுங்க," என்றாள் பெட்டியின் பாகம். போட்டார்கள். தேடும் பொத்தானை அவளே அழுத்தினாள். கோடு மெல்ல ஊர்ந்தது. திரை பளிச்சென்றது.

ரெஜினா!

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அடுப்புக்கு முன்னால் நின்று கொண்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள், அப்படியே அம்மாவைப் போல. வியாகுலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"பட்டுடுச்சு! பட்டுடுச்சு! விடாத!"

கஸ்பார் வலை அறுக்கும் கத்தியோடு ஒயரின் மேல் பாய்ந்தான். "தலைவரே, சேனல் ஒயருக்குள்ள வந்துடுச்சு. ரெண்டு முனையையும் அறுத்துக் கட்டிட்டா வெளிய போக வழியில்ல. ஹால் டிவிக்குக் கொண்டுபோய்ட்டா ஊரே பாக்கலாம்!"

கத்தி ஒயரில் பட்டது. வியாகுலம் அவனைக் கடலில் தள்ள எழுந்தாள். பிறகு, சூசையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வரக்கூடிய நிதானத்தோடு, உட்கார்ந்தாள்.

"செயலாளரே, தொழில் தெரிஞ்ச ஆள்தானே நீங்க? இதுல ஓடுறது குஞ்சு. வெளைஞ்சதெல்லாம் அந்த மிச்சச் சுருள்ல போய் அடைஞ்சிருக்கு. பெருசை விட்டுட்டுக் குஞ்சையா பிடிப்பீங்க?"

கத்தி நின்றது. தஸ்நேவிஸ் சுருளைக் கையில் எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். சூசை அதைக் காதில் வைத்துக் கேட்டான்.

"கனமாத்தான் இருக்கு," என்றார் தஸ்நேவிஸ்.

"துள்ளுது," என்றான் சூசை.

இரண்டு முனையையும் நைலான் நூலால் இறுக்கிக் கட்டினார்கள். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஐஸ் அள்ளிப் போட்டார்கள். "நாறிப்போறதுக்குள்ள கொண்டுபோங்க. குஞ்சை நான் பாத்துக்கறேன்," என்றாள் வியாகுலம். படகுக்குப் பின்னால் கட்டியிருந்த வத்தை என்ற சின்னத் தோணியில் மூவரும் இறங்கி, குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறவர்கள் போலத் துடுப்புப் போட்டுப் பறந்தார்கள்.

கடலும் அவளும் மகளும் மட்டும். ரெஜினா நண்டுக் காலை ஒரே தட்டில் உடைத்தாள். "மிளகை இப்பப் போடாதடி, இறக்கும்போது போடு," என்று தாய் திரையைப் பார்த்துக் கத்தினாள். ரெஜினா இறக்கும்போதுதான் போட்டாள். நடுவர்கள் மூவரும் விரலைச் சப்பினார்கள், தட்டை வழித்தார்கள், பிறகு முதல் பரிசை ஒரு கேக் செய்த ஆணுக்குக் கொடுத்தார்கள். நடுவர்கள் மூவரும் ஆண்கள். ரெஜினாவுக்கு இரண்டாவது. மைக்கைக் கையில் கொடுத்தபோது, "எங்கம்மா பாத்துட்டு இருப்பாங்க," என்று மட்டும் சொன்னாள்.

"பாத்துட்டுத்தான்டி இருக்கேன்," என்றாள் வியாகுலம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நங்கூரத்தை இழுத்தாள், இன்ஜினைக் கிளப்பினாள், படகைக் கரைக்கு விட்டாள். இதற்கெல்லாம் மீசை தேவையில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

அவள் கமிட்டி ஹாலுக்குள் நுழைந்தபோது ஆண்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டிவியின் முதுகில் அந்தச் சுருள் செருகியிருந்தது, ஐஸ் சொட்டச் சொட்ட. திரை முழுக்க வெறும் நீலம். நீலத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இங்கிலீஷ் எழுத்து, மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாம உக்காரு புள்ள," என்றார் தஸ்நேவிஸ். "அக்கரைக் கடலைக் காட்டுறான். என்னா சுத்தமான தண்ணி!"

"அந்த வெள்ளை?"

"படகு. பேரு 'நோ சிக்னல்'. கஸ்பார் எழுத்துக் கூட்டிப் படிச்சான்."

வெள்ளைப் பெட்டி திரையின் ஓரத்துக்குப் போனது, தொட்டது, திரும்பியது. ஹாலே கை தட்டியது.

"பாத்தியா? எல்லை வரைக்கும் போறான், தொட்டதும் திரும்பிடுறான். வந்ததிலேருந்து ஒரு தடவைகூடத் தாண்டல. இவனைப் பாத்து நம்ம பயலுக கத்துக்கணும்."

"மீனும் பிடிக்கலையே?" என்றாள் வியாகுலம்.

"ஒழுக்கமா இருக்கிறவனுக்கு மீன் எதுக்கு?" என்றான் கஸ்பார். "உன் மக இதுலதான் வர்றா. கரை தெரியாம அலையுது பாவம்."

சூசைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எம்புள்ள எவ்வளவு நேரம்தான் அலையும்!" என்று எழுந்தவன், தோளில் கிடந்த கயிற்றைச் சுருக்குப் போட்டு வீசினான். குறி தப்பவில்லை. டிவியின் கழுத்தில் விழுந்தது. நாலு பேர் கூடப் பிடித்து இழுத்தார்கள். டிவி மேசையிலிருந்து கவிழ்ந்து தரையில் விழுந்தது. படீரென்று ஒரு சத்தம். திரை முழுக்கக் கறுப்பு.

"கரை சேந்தாச்சு," என்றார் தஸ்நேவிஸ். "நல்லவேளை, இருட்டுறதுக்குள்ள இழுத்தோம்."

சூசை போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டான். உடைந்த கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினான்.

"ரெஜினா, பாத்து எறங்கும்மா. வழுக்கும்."