பிள்ளை பார்க்க வேண்டிய கத்தி

மலைக்குக் கீழே கடைசி ஊர் அது. அதற்கு மேலே காடுதான். ஊருக்கு ஒரே ஓர் உலை. அதை மாடத்தி நடத்திவந்தாள்.

அந்த ஊரில் முதல் பிள்ளை பெற்றவன் சில மாதம் காட்டுக்குள் கால் வைக்க மாட்டான். பிள்ளைக்குக் கழுத்து நிற்க வேண்டும். நின்றதும் மாடத்தியின் உலைக்கு வந்து தன் கையாலேயே ஒரு வேட்டைக்கத்தி அடிக்க வேண்டும். பழைய கத்தி ஆகாது. இரும்பும் நெருப்பும் அவள் தருவாள், சுத்தியல் அவன் கையில் இருக்கும். அந்தக் கத்தி முடிகிற வரைக்கும் அவள் ஆசான், அவன் சீடன். யார் மூத்தவர் என்ற பேச்சு அங்கே கிடையாது.

மன்னாரு அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அன்று விடிந்ததும் ஓடியே வந்தான்.

"ஆசாரிம்மா, கழுத்து நின்னுட்டு. தலையைத் தூக்கி என்னையப் பார்க்கான். ரெண்டு கண்ணாலயும் பார்க்கான்."

"ரெண்டு கண்ணாலயுமா? அப்போ கெட்டிக்காரப் பிள்ளைதான். உக்காருங்க அண்ணாச்சி."

அவனால் உட்கார முடியவில்லை. கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை. மறுநாள் காலையில் பன்றி விரட்டு வேறு. மலையிலிருந்து இறங்கிய கூட்டம் கிழங்குத் தோட்டங்களையெல்லாம் கிளறிப் போட்டிருந்தது. ஓடை குறுகுகிற இடத்தில் எப்போதும் நிற்பவன் மன்னாரு. அங்கே ஆள் இல்லாவிட்டால் பன்றிகள் திரும்பி மறுபடியும் தோட்டத்துக்குள்தான் பாயும். கத்தி முடியாவிட்டால் அவன் அங்கே போய் நிற்க முடியாது.

"என்ன மாதிரி கத்தி வேணும்?" என்று மாடத்தி கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஆகுத கத்தி."

"எல்லாத்துக்கும்னா?"

மன்னாரு விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். "பன்னி பாய்ஞ்சு வந்தா எட்டக் குத்தணும், அதுக்கு நீளம் வேணும். சிறுத்தை மேல விழுந்தா ஒரே போடுல சாயணும், அதுக்குக் கனம் வேணும். கொடியில சிக்கிக்கிட்டா அறுக்கணும், முதுகுல பல்லு வேணும். வழுக்குப் பாறையில விழுந்தா பிடிச்சுத் தொங்கணும், நுனியில ஒரு கொக்கி வேணும். கை நழுவக் கூடாது, குறுக்கே ஒரு கட்டை வேணும்."

மூச்சு வாங்கினான். "அப்புறம் கரடி."

"கரடிக்கு என்ன வேணும்?"

"கரடிக்கு இது எல்லாம் வேணும்."

மாடத்தி அவனைப் பார்த்தாள். அவன் அப்பாவைக் கரடி கொன்றது ஊருக்கே தெரியும். மன்னாரு அப்போது தவழ்கிற பிள்ளை.

"கூடப் போனவங்க பூராப் பேரும் ஓடிட்டாங்க" என்றான் மன்னாரு. "எங்க அப்பா மட்டும் நின்னாரு. இந்தா, இம்புட்டு நீளக் கத்தி அவரு கையில." தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினான். "அதே மாதிரி ஒண்ணு நானும் அடிக்கணும்னு சின்ன வயசுலயிருந்தே மனசுல கிடக்கு."

"அடிங்க" என்றாள் மாடத்தி. துருத்தியை இழுக்க ஆரம்பித்தாள்.

அவன் அடித்தான். இரும்பு சிவந்து, சிவப்பு மஞ்சளாகி வெளியே வரும்போதெல்லாம் அவன் முகமும் அந்த நிறமாகியது. பொறி பறந்து மயிர் பொசுங்கியது, அவன் கவனிக்கவில்லை. இரும்போடு பேசினான். நீளு ராசா நீளு என்றான். நீண்டது. முதுகில் பல் வெட்டினான். நுனியைச் சுட்டு வளைத்தான். குறுக்குக் கட்டை உட்காராமல் இரண்டு முறை கழன்று விழுந்தது. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது தொடையில் தட்டிச் சிரித்தான்.

"பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஒரு வளையம் வைக்கலையா?" என்று மாடத்தி கேட்டாள்.

மன்னாருவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "வைக்கலாமோ? கைப்பிடிக்கு அடியில?"

"கேலிக்குச் சொன்னேன் அண்ணாச்சி."

"இல்ல ஆசாரிம்மா. காட்டுல தங்க வேண்டி வந்தா உதவும்லா."

வளையமும் வைத்தான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கத்தி உருவாகிவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த இரண்டு வேட்டைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இருவரும் பிள்ளை பெற்றவர்கள். ஒருவரையொருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

"என்னய்யா சிரிப்பு?" என்றான் மன்னாரு.

"சிரிக்கலையே. நல்ல கத்தி. ஒரு ஊருக்கே ஆகும்."

அவர்கள் போன பிறகும் தெருக்கோடியில் சிரிப்பு கேட்டது. மன்னாருவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எண்ணெய்ப் பானையைப் பார்த்தான். "இனி தோய்ச்சல்தானே?"

"தோய்ச்சிட்டா இரும்பு கெட்டிப்பட்டுப் போகும். அப்புறம் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி பிள்ளை பார்க்கணும்."

பிள்ளை பார்ப்பதைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கிறான். ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தான். முதல் பிள்ளைக்காரனிடம் அதை விளக்கிச் சொல்லக் கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கம்தான். வீட்டுக்கு ஓடினான். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, மனைவி கோமுவையும் பிள்ளையையும் அழைத்துவந்தான்.

கத்தியை இரண்டு கையாலும் தூக்கிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தான். "பாருல. ஒங்க அப்பன் அடிச்சது."

பிள்ளை பார்த்தது. தும்மியது.

"பார்த்துட்டான்" என்றான் மன்னாரு.

"அப்படி இல்ல அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. ஒரு பழைய தோலுறையையும் கயிறையும் நீட்டினாள். "இடுப்புல கட்டுங்க. கோமு, பிள்ளையைப் பாயில விடு. ம். இப்போ பிள்ளையைத் தூக்குங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மன்னாரு குனிந்தான். குறுக்குக் கட்டை விலாவில் குத்தியது. நிமிர்ந்து கத்தியை மறுபக்கம் தள்ளிவிட்டு மறுபடியும் குனிந்தான். உறையின் நுனி தரையில் முட்டி, இன்னும் கைப்பிடி மாட்டாத முனை நெஞ்சுக்கு ஏறியது. ஒருவழியாகப் பிள்ளையை எடுத்து அணைத்தான். வளையம் பிள்ளையின் துணியில் மாட்டிக்கொண்டது. பிள்ளை வீறிட்டது.

"ஐயோ, குத்திரப் போவுது" என்று கோமு ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

கத்தியை முதுகுக்குத் திருப்பிக் கட்டினான். கோமு பிள்ளையை மறுபடியும் பாயில் விட்டாள். குனியவே முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி பாய்க்கு முன்னால் நின்றான். பிள்ளையும் அவனைப் பார்த்துக் கையை நீட்டியது.

"கத்தியை இறக்கி வச்சிட்டுத் தூக்கட்டுமா ஆசாரிம்மா?"

"தூக்கலாமே."

"அப்போ சரிதானே?"

"காட்டுக்குப் போறப்போ?"

"அப்போ பிள்ளையை இறக்கி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

மாடத்தி கரியைக் கிளறினாள்.

காலையிலிருந்து முதல் முறையாக மன்னாரு உட்கார்ந்தான். கத்தியை மடியில் வைத்துக்கொண்டான். கோமு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, அதிகம் இல்லை.

திடீரென்று எழுந்தான். "வெட்டிரும்பு எங்க?"

மாடத்தி ஏற்கெனவே அதைக் கையில் வைத்திருந்தாள்.

துருத்தி இரைந்தது. வளையம் முதலில் போனது. "இது தொட்டில்" என்றான். கொக்கியைச் சிவக்கச் சுட்டு ஒரே அடியில் துண்டாக்கினான். "இது வழுக்குப் பாறை." குறுக்குக் கட்டையைத் தட்டிக் கழற்றி மூலையில் எறிந்தான். பல் இருந்த முதுகை நீளவாக்கில் வெட்டியபோது அது பாம்பு போல நெளிந்து விழுந்தது. "இது கொடி. இந்தக் கனம் இருக்கே, இது சிறுத்தை." ஒவ்வொன்றும் சிவப்பாக விழுந்து, தரையில் கிடந்து கறுத்தது. அவனுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. காலையில் சேர்த்தபோது இருந்ததைவிட வேகமாக வெட்டினான். கோமுவுக்கே சிரிப்பு வந்தது.

"சமையலுக்காவது கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.

கடைசியில் நீளம் மட்டும் நின்றது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை.

"இது யாரு?" என்று மாடத்தி கேட்டாள்.

"கரடி."

"இருக்கட்டுமா?"

மன்னாரு வெட்டிரும்பை அதன்மேல் வைத்தான். சுத்தியலை ஓங்கினான். கை இறங்கவில்லை. மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு மங்கியது.

"ஆறுது" என்றாள்.

மறுபடியும் உலையில் வைத்தான். மறுபடியும் எடுத்தான். மறுபடியும் ஓங்கினான். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னாரு கண்ணை மூடினான்.

"கண்ணைத் திறங்க அண்ணாச்சி. விரல் போயிரும்."

திறந்தான். அடித்தான். பாதி இரும்பு தெறித்துப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

மிச்சம் இருந்தது ஒரு சாண் அலகு. ஒரு முதுகு, ஒரு விளிம்பு, ஒரு நுனி, கைப்பிடிக்குள் போக ஒரு வால். வேறொன்றும் இல்லை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல என்ன ஆசாரிம்மா வேலை இருக்கு? முடிஞ்சு போச்சே."

"இனிமேதான் வேலை. மறைக்க ஒண்ணுமில்லலா. கோணல் இருந்தா இனி குருடனுக்கும் தெரியும்."

கோணல் இருந்தது. இதுவரை கொக்கியும் பல்லும் அதை மறைத்திருந்தன. அவன் லேசாகத் தட்டினான். கண்ணருகே பிடித்துப் பார்த்தான், மறுபடியும் தட்டினான். அரத்தை வாங்கி அராவினான். ஒரு இடத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். கத்தி நேரானபோது கோமுவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றான்.

பொழுது சாய்ந்திருந்தது. நிறம் பார்க்க அதுதான் நல்ல நேரம். அலகு உலைக்குள் செந்தூர நிறத்துக்கு வந்தது.

"இப்போ."

எண்ணெய்க்குள் இறக்கினான். சீறிக்கொண்டு ஒரு ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. கோமு பின்வாங்கினாள். பிள்ளை கையைக் காலை உதறிக்கொண்டு, முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தது. மன்னாருவின் தலை பிள்ளை பக்கம் திரும்பியது.

"இங்க பாருங்க" என்றாள் மாடத்தி. "பிள்ளை நாளைக்கும் சிரிக்கும். இப்போ பதம் தப்பினா தொட்டதுக்கெல்லாம் உடையும்."

துடைத்துத் தேய்த்து, முதுகை மட்டும் கனலுக்கு மேலே காட்டினார்கள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். வெள்ளை இரும்பில் வைக்கோல் நிறம் மெல்ல ஊறி விளிம்பை நோக்கி நகர்ந்தது.

"இருங்க. இருங்க. எடுங்க."

எடுத்தான்.

மறுநாள் விடியும்போது கைப்பிடி ஏறியிருந்தது. வேங்கை மரம், அவன் பிடிக்கு அளவாகச் செதுக்கியது. அவன் கத்தியைக் கட்டிக்கொண்டு குனிந்தான். பிள்ளையைத் தூக்கினான். உலையைச் சுற்றி நடந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். பிள்ளை அவன் இடுப்பில் உட்கார்ந்து, கத்தியின் கைப்பிடியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டது.

"படிக்கட்டு கிடைச்சிட்டு அவனுக்கு" என்றாள் கோமு.

ஊர் மந்தையிலிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. ஆட்கள் கூடுகிறார்கள். இரண்டாவது கொட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மன்னாரு பிள்ளையோடு வாசல்வரை போனான். நின்றான். திரும்பினான்.

"ஆசாரிம்மா. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பன்னிக்கு இது போதும். கொடிக்கும் போதும். எல்லாம் சரிதான்." குரலைத் தாழ்த்தினான். "கரடி வந்தா?"

"ஓடுங்க."

"என்னது?"

"கரடி வந்தா ஓடுங்க அண்ணாச்சி. கத்தி காலைத் தட்டாது. அதைத்தான் பார்த்துட்டோம்லா."

மன்னாருவின் முகம் சிவந்தது. "எங்க அப்பா ஓடலை."

"தெரியும்."

"அவரு மகனைப் போயி ஓடச் சொல்லுதீங்களே."

இரண்டாவது கொட்டு விழுந்தது. மாடத்தி தரையில் கிடந்த துண்டு இரும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். நீளமான துண்டைக் கடைசியில் எடுத்தாள்.

"அவரு மகன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள். "இந்தப் பிள்ளையோட அப்பாகிட்டச் சொல்லுதேன்."